டன்னுக்கா, தெருவுக்கா? அரசு தன் வேலையை வெளியே விடும்போது எதற்குக் காசு கொடுக்கிறது

குப்பைக் கிடங்கின் வாசலில் ஓர் எடைமேடை இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநகராட்சியின் கிடங்கில் காலை நேரத்தில் ஒரு மணி நேரம் அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன். லாரி வந்து மேடை மேல் ஏறி நிற்கும். சின்ன அறைக்குள் இருப்பவர் வண்டி எண்ணைத் தட்டுவார். திரையில் எண் ஆடி அடங்கும்வரை பொறுப்பார். பிரிண்டர் ஒரு சீட்டைத் தள்ளும். வண்டி உள்ளே போய்க் கொட்டிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பி மறுபடி ஏறும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த நடையின் குப்பை. டன் கணக்கில் காசு கொடுக்கும் ஊரில் அந்தச் சீட்டுதான் பில்.

அன்று வந்த லாரிகளில் ஒன்றின் தார்ப்பாய் ஓரமாக விலகியிருந்தது. உள்ளே பாதிக்கு மேல் இடித்த சுவரின் செங்கல்லும் காரையும். ஒரு வீட்டுச் சுவர் கொடுக்கிற எடையை வாழைப்பழத் தோலும் முருங்கைச் சக்கையும் சேர்ந்து கொடுக்க எத்தனை தெரு கூட்ட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மேடை எடையைச் சொன்னது. சீட்டு வந்தது. வண்டி போனது.

அரசு இதுவரை தானே செய்துவந்த ஒரு வேலையை வெளியாரிடம் கொடுப்பதைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சு இரண்டு கேள்விகளைத் தாண்டுவதில்லை. தனியார்மயம் நல்லதா கெட்டதா என்பது ஒன்று. டெண்டர் யாருக்குப் போனது, இடையில் யார் எவ்வளவு பார்த்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சேவை உருப்படுமா, உருப்படாதா என்பது பெரும்பாலும் அதற்கெல்லாம் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. ஒப்பந்த ஆவணத்தை எழுதும்போதே, எந்த அலகுக்குக் காசு, அதை அளப்பவர் யார், வேலை செய்கிறவரின் கூலி எங்கே ஒளிந்திருக்கிறது, வேலையை எடுத்தவர் கையை விரித்தால் மறுநாள் காலை யார் வருவார் என்பதெல்லாம் எழுதப்பட்டுவிடுகின்றன. அல்லது எழுதாமல் விடப்படுகின்றன. அந்தப் பக்கங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தமிழ்நாடு 1998-லேயே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கர்நாடகம் கொண்டுவந்தது. ஒன்றிய அரசுக்கு இன்றுவரை அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. 2012-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதா காலாவதியாகிவிட்டது. பொது நிதி விதிகளை வைத்தே காலம் ஓடுகிறது. நம் சட்டப்படி ஒப்பந்தப்புள்ளி கோரி அறிவிப்பு வர வேண்டும். கேட்பவர்கள் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். பெரிய வேலைகளுக்கு இரண்டு உறைகள்: ஒன்றில் தகுதி, அனுபவம், வண்டி, ஆள் விவரம், மற்றதில் விலை. முதல் உறையில் தேறியவர்களின் இரண்டாவது உறையை மட்டும் திறப்பார்கள். அதில் குறைந்த விலை சொன்னவர் ‘எல்-1’. விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதென்றாலும் அவரோடு மட்டும்தான் பேசலாம். பிறகு பணி ஆணை, ஒப்பந்தம், பிணைத்தொகை.

இதில் ஒவ்வொரு படியும் களவைத் தடுக்கக் கட்டப்பட்டது. எல்லோர் கண் முன்னாலும் உறையைப் பிரிப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் உறைக்குள் இருக்கும் விலை எந்த வேலைக்கான விலை என்பதை இந்தச் சட்டம் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் ஆவணத்தை எழுதும் துறை.

மாத்திரை வாங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மருந்து வாங்குகிறது. இன்றைக்கும் இந்தியாவின் பல மாநிலங்கள் பார்த்துப் படிக்கும் அமைப்பு அது. நீங்கள் அரசு மருத்துவமனையில் வாங்கிய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். அந்த அட்டை உங்கள் கைக்கு வருவதற்கு முன், அது வந்த தொகுதியிலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. தேறினால்தான் மாவட்டக் கிடங்கிலிருந்து மருத்துவமனைக்குப் போகும். எந்த மருத்துவமனை எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஒரு பாஸ்புக். குறைந்த விலைக்கு வாங்கியும் தரம் கெடாமல் இருக்க முடிந்ததற்குக் காரணம் குறைந்த விலை இல்லை. அந்த ஆய்வகமும் பாஸ்புக்கும்தான்.

மாத்திரையை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கூட்டிய தெருவை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது? காலை ஏழு மணிக்குச் சுத்தமாக இருந்த தெரு பத்து மணிக்கு அப்படி இருக்காது. முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டும்போது அவசரமாகத் தண்ணீரை ஊற்றினார்களா, பதமாக ஊற்றினார்களா என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. சேவையை வாங்குவதில் உள்ள அடிப்படைச் சங்கடம் இதுதான். நாம் விரும்புவதை நேராக அளக்க முடியாது. அதனால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் எதையாவது அளக்கிறோம். எதை அளக்கிறோமோ அதுதான் கிடைக்கிறது.

சென்னைக் குப்பையின் கதை இதற்குப் பாடம். 2000-ஆம் ஆண்டில் மாநகராட்சி அப்போதிருந்த பத்து மண்டலங்களில் மூன்றை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் குழுமத்தைச் சேர்ந்தது அது. சீருடை, சக்கரம் வைத்த தொட்டிகள், அழுத்தி அள்ளும் வண்டிகள் என்று ஊருக்கே புதிதாக இருந்தது. குப்பை வண்டி என்றாலே ஓனிக்ஸ் என்று சொல்லும் பழக்கம் சிலருக்கு இன்னும் போகவில்லை. அந்த ஒப்பந்தத்தில் டன்னுக்கு இவ்வளவு என்றுதான் காசு. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு நிறுவனம் வந்தது, அதன்பின் இன்னொன்று. நிறுவனங்கள் மாறினாலும் எடைமேடை நெடுங்காலம் மாறவில்லை.

டன்னுக்குக் காசு என்பதில் ஒரு நேர்மையான காரணம் உண்டு. எண்ணுவது எளிது, சண்டை குறைவு, தணிக்கைக்குச் சீட்டு இருக்கிறது. ஆனால் குப்பை குறைந்தால் வருமானம் குறையும் ஒருவரிடம் குப்பையைக் குறைக்கும் வேலையை ஒப்படைக்கிறோம் என்பதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கச் சொல்லிவிட்டன. பிரித்து வாங்கி, மக்குவதை அங்கேயே உரமாக்கினால் எடைமேடைக்குப் போவது பாதியாகிவிடும். எடைக்குக் காசு வாங்குபவர் வீடு வீடாக ஏறி ‘பிரித்துப் போடுங்கம்மா’ என்று ஏன் கெஞ்சப்போகிறார்? பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கலந்து கொட்டுகிறார்கள் என்று ஊர் ஊராக மக்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். அதைத் தொழிலாளியின் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போகிறோம். காசு எதற்கு என்று எழுதிய வரிதான் அந்த இரண்டு வாளிகளையும் ஒன்றாகக் கவிழ்க்கிறது. நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேரும் நகரத்தில், கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலைகள் எழுந்ததற்கு இந்த வரிக்கும் பங்கு உண்டு. 2020-ல் பல மண்டலங்களுக்கான புதிய ஒப்பந்தங்கள் வந்தபோதுதான் எடையை விட்டுவிட்டு, செயல்பாட்டுக் குறியீடுகளை வைத்துக் காசு என்ற முறைக்கு மாநகராட்சி நகர்ந்தது. வீடு தோறும் வாங்கினார்களா, தெரு கூட்டப்பட்டதா, தொட்டி நிரம்பி வழிந்ததா என்பவை இப்போது மதிப்பெண். இருபது ஆண்டுகள் ஆயின அந்த ஒரு மாற்றத்துக்கு.

சரியான அலகைக் கண்டுபிடிப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு எனக்குத் தெரிந்து லண்டன் பேருந்துகளைவிட நல்ல உதாரணம் இல்லை. அங்கே 1985 முதல் ஒவ்வொரு தடமாக ஏலம் விடுகிறார்கள். இன்று ஓடும் சிவப்புப் பேருந்துகளைப் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களே ஓட்டுகின்றன. ஆனால் தடம், கட்டணம், நேரம், நிறம் எல்லாம் நகரப் போக்குவரத்து ஆணையத்தின் கையில். டிக்கெட் காசும் ஆணையத்துக்கே. நிறுவனத்துக்கு ஓட்டிய தூரத்துக்குக் காசு. இது மட்டும் இருந்திருந்தால் நம் எடைமேடைக் கதைதான் அங்கேயும் நடந்திருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து சீராக வருகிறது. நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிற பயணி சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே பேருந்துகள், அதே தூரம். ஆனால் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வருகின்றன. இப்போது சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம். கிலோமீட்டர் கணக்கில் நிறுவனத்துக்கு ஒரு காசும் குறையாது. வெயிலில் நிற்பவருக்கோ காத்திருப்பு இரட்டிப்பு. லண்டனில் செய்தது என்னவென்றால், அட்டவணைப்படி காத்திருக்க வேண்டிய நேரத்தைவிடப் பயணி எவ்வளவு கூடுதலாகக் காத்திருந்தார் என்பதையே அளந்தார்கள். 2001 முதல் அந்தக் கூடுதல் காத்திருப்பு குறைந்தால் போனஸ், கூடினால் பிடித்தம். அந்த ஒரே வரியால் ஓட்டுநர்களுக்கு முன்னும் பின்னும் வரும் வண்டியின் இடைவெளியைப் பார்க்க வேண்டிய அவசியம் வந்தது. நிறுத்தத்தில் நிற்கும் ஆளின் கால்வலியை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்த வேலை இது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

அதே பிரிட்டனில் லண்டனுக்கு வெளியே 1986-ல் பேருந்தை மொத்தமாகச் சந்தையிடம் விட்டார்கள். எந்தத் தடத்தில் எப்போது ஓட்டுவது என்பதை நிறுவனங்களே முடிவுசெய்தன. லாபம் இல்லாத தடங்கள் தேய்ந்தன, பயணிகள் குறைந்தார்கள். மான்செஸ்டர் பகுதி 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் தன் பேருந்துகளை லண்டன் பாணியில் மீண்டும் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஓட்டுபவர்கள் இரண்டு முறையிலும் தனியார்தான். என்ன வேண்டும் என்று சொல்லும் உரிமை யாரிடம் என்பதுதான் மாறியது.

சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பியபோது நாமும் இந்தப் பாதையில் கால் வைத்தோம். வண்டியும் ஓட்டுநரும் பராமரிப்பும் தனியாருடையவை. நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர். கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. டிக்கெட் காசு கழகத்துக்கு என்பதால், கூட்டம் அதிகம் ஏறும் இடத்தில் மட்டும் ஓட்டும் ஆசை ஒப்பந்ததாரருக்கு வராது. மகளிர் இலவசப் பயணத்தையும் யாரும் கசப்போடு பார்க்க வேண்டியதில்லை. நல்ல தொடக்கம். நாம் கவனிக்க வேண்டியது கிலோமீட்டரோடு சேர்த்து என்ன அளக்கப்போகிறார்கள் என்பதை. மூன்று வண்டி ஒன்றாக வந்து, பிறகு அரை மணி நேரம் ஒன்றும் வராத நிறுத்தம் நமக்குப் புதிதில்லை.

எதை வெளியே விடக்கூடாது என்பதிலும் நமக்கு ஓர் உதாரணம் கைவசம் இருக்கிறது. பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போனவர்களுக்கு ஏ, பி, சி என்ற மூன்று கவுண்டர்கள் நினைவிருக்கும். ஏ கவுண்டரில் டோக்கனைப் பார்த்து, ஆவணத்தை ஸ்கேன் செய்து, புகைப்படம், கைரேகை எடுப்பவர் டிசிஎஸ் ஊழியர். 2008-ல் அந்த நிறுவனம் இந்தப் பணிக்குத் தேர்வானது. 2010-ல் முதல் மையங்கள் திறந்தன. பி கவுண்டரில் ஆவணத்தைச் சரிபார்ப்பவரும், சி கவுண்டரில் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவரும் அரசு அதிகாரிகள். ஒரு குடிமகனுக்குப் பாஸ்போர்ட் மறுக்கும் அதிகாரம் கம்பெனிக்காரரிடம் போகக் கூடாது என்று யாரோ யோசித்து அந்தக் கோட்டை இழுத்திருக்கிறார்கள். இடைத்தரகர் கூட்டமும் விடியற்காலை வரிசையும் இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

முடிவுக்குக் காசு கொடுக்கலாமே என்று ஒரு வாதம் உண்டு. தெருவைக் கூட்டினாயா என்று கேட்காதே, ஊர் சுத்தமாக இருக்கிறதா என்று கேள். பயிற்சி கொடுத்தாயா என்று கேட்காதே, வேலை கிடைத்ததா என்று கேள். கேட்க அழகாக இருக்கும். இங்கிலாந்து, வேல்ஸில் 2014-ல் இதைச் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களின் கண்காணிப்பில் செய்துபார்த்தார்கள். ஆபத்து குறைவு அல்லது நடுத்தரம் என்று கணிக்கப்பட்டவர்களை 21 நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுத்து, மறுபடி குற்றம் செய்யாமல் இருந்தால் அதற்கேற்பக் கூடுதல் காசு என்றார்கள். ஒருவர் மறுபடி தவறு செய்வது அவருடைய வீடு, வேலை, குடி, சகவாசம் என்று எத்தனையோ விஷயங்களைப் பொறுத்தது. நிறுவனத்தின் கையில் இருந்தது செலவு மட்டும். சில இடங்களில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுவதே கண்காணிப்பாகிவிட்டதை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2019-ல் தலைமை ஆய்வாளர் இந்த முறை திருத்தவே முடியாத குறையுள்ளது என்று எழுதினார். 2021 ஜூனில் முழுவதும் அரசிடமே திரும்பியது.

இனி கூலிக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் என் மனம் அதிகம் கனப்பது இங்கேதான்.

தெரு கூட்டும் ஒப்பந்தத்தில் செலவு எங்கே போகிறது என்று பாருங்கள். வண்டி, டீசல், தொட்டி எல்லாம் உண்டு. ஆனால் பெரும் பங்கு ஆள் கூலி. டீசலை ஒப்பந்ததாரர் நம்மைவிட மலிவாக வாங்க முடியாது. வண்டி விலையும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே நான்கு பேர் விலை உறை போட்டு ஒருவர் எல்-1 ஆக வந்தால், அவர் குறைத்தது எதை? ஆள் எண்ணிக்கையை, அல்லது ஆளுக்குக் கொடுப்பதை. திறமையான மேலாண்மையால் ஓரளவு மிச்சம் பிடிக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் துடைப்பத்துக்கு இயந்திரம் போல் வேகம் கூடிவிடாது. ஒருவர் ஒரு நாளில் கூட்டக்கூடிய தெருவுக்கு ஓர் அளவு இருக்கிறது.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் நடைபாதையில் உட்கார்ந்தது இந்தக் கணக்கால்தான். ஆகஸ்ட் 1-லிருந்து வெயிலிலும் மழையிலும் பதின்மூன்று நாள். பெரும்பாலும் பெண்கள். நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் மாநகராட்சியிடம் பல ஆண்டுகளாக வேலை செய்தவர்கள். அந்த இரு மண்டலங்களும் தனியாருக்குப் போனபோது, மாதம் 22 ஆயிரத்துக்கு மேல் வாங்கிய தங்கள் கைக்கு இனி 17 ஆயிரத்துக்கும் குறைவாகவே வரும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. அதே தெரு, அதே துடைப்பம், அதே குப்பை. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அமைச்சரவை காலை உணவு உள்ளிட்ட நலத் திட்டங்களை அறிவித்தது. காலை உணவு நல்லதுதான். ஐந்தாயிரம் ரூபாய்க் கேள்விக்கு அது பதில் இல்லை.

இதற்குப் பதில் எழுத முடியாதா? முடியும். பிரிட்டனில் ஒரு வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது, அந்த வேலையில் இருக்கும் ஆட்கள் பழைய சம்பளம், பழைய பணிக்காலம், பழைய நிபந்தனைகளோடு புதியவரிடம் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் விதிகள் ஒப்பந்ததாரர் மாறுவதையும் அதில் தெளிவாகச் சேர்த்தன. ஆகவே அங்கே விலை உறை போடுபவர், இருக்கும் ஆளின் சம்பளத்தைக் குறைத்து ஜெயிக்கலாம் என்று எளிதில் கணக்குப் போட முடியாது. நம்மிடம் 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருந்தது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று அது சொன்னது. கூலி பாக்கிக்கு அது பாதுகாப்பு. ஒப்பந்தம் கைமாறும்போது கூலி இறங்குவதற்கு? 2001-ல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று சொன்னபிறகு அந்தக் கதவும் ஏறக்குறைய மூடிக்கொண்டது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இத்தனை பேர், இப்போது வாங்கும் கூலி இது, இதற்குக் கீழ் போகும் விலைப்புள்ளி தள்ளுபடி என்று ஆவணத்தில் ஒரு பத்தி எழுத எந்த மாநகராட்சிக்கும் தடை இல்லை. அப்படி எழுதினால் மிச்சம் குறையும் என்பார்கள். குறையட்டும். அந்த மிச்சம் யாருடைய சோற்றுத் தட்டிலிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும்.

ஒப்பந்ததாரர் ஒரு நாள் காலை இல்லாமல் போனால்? கரிலியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் மருத்துவமனை துப்புரவு, பள்ளிச் சாப்பாடு, சிறைப் பராமரிப்பு, சாலை என்று ஏறத்தாழ 450 அரசு ஒப்பந்தங்களை வைத்திருந்தது. 2018 ஜனவரி 15 அன்று திவாலாகிக் கலைக்கப்பட்டது. திங்கட்கிழமை பள்ளி மணி அடித்தது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும். சமையல்காரரும் துப்புரவாளரும் வழக்கம்போல் வேலைக்கு வந்தார்கள். சம்பளத்துக்கு அரசு பொறுப்பேற்றது. லிவர்பூலிலும் பர்மிங்காம் அருகேயும் பாதி கட்டிய பெரிய மருத்துவமனைகள் அப்படியே நின்றன. முந்தைய ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனம் தன் நிலை சரியில்லை என்று பங்குச் சந்தைக்கே அறிவித்தது. ஒரு வாரத்தில் அதிவேக ரயில் பாதை வேலையில் அதற்குப் பங்கு கிடைத்தது. விலை குறைவாகச் சொல்லி வேலை பிடித்து, புதிய வேலையின் முன்பணத்தால் பழைய நஷ்டத்தை மூடும் நிறுவனம் மேலே இருந்து பார்க்கச் செழிப்பாகத்தான் தெரியும். அதன் பிறகே பிரிட்டிஷ் அரசு, ஒரு சேவைக்கு நியாயமாக என்ன செலவாகும் என்று தானே முதலில் கணக்குப் போட வேண்டும், அதைவிட மிகவும் கீழே வரும் விலையைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும், முக்கியமான ஒப்பந்ததாரர் விழுந்தால் என்ன செய்வது என்ற திட்டத்தை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும் என்று வழிமுறைகள் வகுத்தது.

நமக்கும் அப்படி ஒரு வாரம் வந்தது. 108 ஆம்புலன்ஸ் 2005-ல் ஐதராபாத்தில் சத்யம் நிறுவனர் ராமலிங்க ராஜு தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பிலிருந்து பிறந்தது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. நான்கு மாதம் கூட ஆகவில்லை. 2009 ஜனவரி 7 அன்று கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டு ராஜு எழுதிய கடிதம் வெளிவந்தது. 108-க்கு அடித்தால் வண்டி வருமா என்று அன்று எத்தனை பேர் கவலைப்பட்டிருப்பார்கள்! வண்டிகள் நிற்கவில்லை. இயக்கச் செலவில் பெரும்பகுதியை மாநில அரசுகளே கொடுத்துவந்தன. நிர்வாகத்தை அதே ஆண்டில் ஜிவிகே குழுமம் ஏற்றது. நிறுவனர் சிறைக்குப் போனபோதும் வண்டி ஓடியதென்றால், டீசலுக்கும் சம்பளத்துக்குமான காசு அவர் பையிலிருந்து வரவில்லை என்பதால்தான்.

வேலையை வெளியே விட்ட அரசுக்கு மெல்ல மெல்ல இன்னொரு நஷ்டமும் நடக்கிறது. முதல் ஒப்பந்தம் எழுதும்போது, ஒரு கிலோமீட்டர் தெருவுக்கு எத்தனை ஆள், ஒரு வண்டி ஒரு நாளைக்கு எத்தனை நடை என்பதெல்லாம் தெரிந்த மேஸ்திரிகளும் சுகாதார ஆய்வாளர்களும் மாநகராட்சிக்குள்ளேயே இருந்தார்கள். அவர்கள் ஓய்வு பெறுவார்கள். பணிமனை மூடும். பழைய வண்டிகள் ஏலத்துக்குப் போகும். இரண்டாவது ஒப்பந்தம் வரும்போது அந்தக் கணக்கைச் சொல்ல ஆள் இருக்காது. ஆலோசனை நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். மூன்றாவது வரும்போது, திரும்ப எடுத்து நடத்துவோம் என்று மிரட்டக்கூட முடியாது. எடுத்து நடத்த வண்டியும் இல்லை, ஆளும் இல்லை என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். அதனால்தான் சில மண்டலங்களையாவது மாநகராட்சி தானே நடத்த வேண்டும் என்பது பழமைவாதம் இல்லை என்கிறேன். அது பேரம் பேசுவதற்கான கைமுதல். சொந்தமாக ஒரு மண்டலத்தை நடத்துபவருக்குத்தான் மற்ற மண்டலத்தின் பில்லைப் பார்த்தவுடன் எங்கே உப்பியிருக்கிறது என்று தெரியும்.

கண்காணிப்புக்கும் காசு ஒதுக்க வேண்டும். குறியீடுகளை எத்தனை அழகாக எழுதினாலும், காலை ஆறு மணிக்குத் தெருவில் இறங்கிப் பார்த்து மதிப்பெண் போட ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில், ஒப்பந்ததாரரே தன் கைபேசிச் செயலியில் தன் வேலையைப் படம் எடுத்துப் பதிவேற்ற, அதுவே சான்றாகிவிடும்.

உங்கள் ஊரில் இது எப்படி இருக்கிறது என்று பார்க்க வழி உண்டு. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளும் ஆவணங்களும் தமிழ்நாடு அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் வருகின்றன. நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், பயப்பட வேண்டாம். பணம் கொடுக்கும் முறை, அபராத அட்டவணை என்ற இரண்டு பகுதிகளை மட்டும் தேடிப் படியுங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கட்டணத்தோடு மூன்று விவரம் கேளுங்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பில் தொகை மாதவாரியாக. அதே மாதங்களில் எத்தனை ஆட்களுக்கு வருங்கால வைப்பு நிதி கட்டப்பட்டது. அதே மாதங்களில் பிடித்த அபராதம்.

முதல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கொடுத்த பில் தொகைக்குத் தக்க ஆட்கள் உண்மையில் இருக்கிறார்களா என்று ஓரளவு தெரியும். மூன்றாவதில் பன்னிரண்டு மாதமும் சுழியம் என்று வந்தால், ஓராண்டில் ஒரு தொட்டிகூட வழியவில்லை என்று பொருள், இல்லையென்றால் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று பொருள். எது என்பதை நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது தெருமுனைத் தொட்டியைப் பார்த்து நீங்களே எழுதிக்கொள்ளலாம்.